சேர்ந்த பிறகு மிஞ்சுவது யார்?

(புதுக்கோட்டையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இரண்டு ஆங்கிலச் சொற்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஒன்று அக்செஷன், மற்றது மெர்ஜர். இரண்டும் சேர்வதைச் சொல்லும் சொற்கள். தமிழில் இரண்டையும் ‘இணைப்பு’ என்றே எழுதிப் பழகிவிட்டோம். காஷ்மீர் இணைப்பு என்கிறோம், புதுக்கோட்டை இணைப்பு என்கிறோம், வங்கிகள் இணைப்பு என்கிறோம், இலங்கையின் வடக்கு கிழக்கு இணைப்பு என்கிறோம். ஆனால் இந்திய வரலாற்றில் அக்செஷனும் மெர்ஜரும் இருவேறு பத்திரங்கள். முதல் பத்திரத்தில் ஒப்பமிட்ட ராஜா மறுநாளும் தன் நாட்டை ஆண்டார். இரண்டாவதில் ஒப்பமிட்டவருக்குப் பட்டம் மிஞ்சியது, ஆள்வதற்கு நாடு மிஞ்சவில்லை.

இதைப் பேச இந்த ஊரைவிடப் பொருத்தமான ஊர் தமிழ்நாட்டில் வேறு இல்லை. புதுக்கோட்டை மன்னர் ராஜகோபாலத் தொண்டைமான் இரண்டு பத்திரங்களிலும் ஒப்பமிட்டவர். அக்செஷன் 1947 ஆகஸ்டில். மெர்ஜர் நடைமுறைக்கு வந்தது 1948 மார்ச் 3ஆம் தேதி. இடையில் ஏழு மாதம்கூட இல்லை. அந்த ஏழு மாதத்துக்குள் என்ன மாறியது என்று புரிந்துகொண்டால், நம் நாடாளுமன்றத்திலும் உச்ச நீதிமன்றத்திலும் நடந்த ஒரு பெரிய வழக்கின் வேர் புரிந்துவிடும்.

சொற்களின் பிறப்பிலிருந்து தொடங்குகிறேன். இரண்டும் லத்தீன் வழி வந்தவை. அக்செஷனின் மூலச்சொல்லுக்குப் பொருள் ‘அருகே செல்வது’, ‘நெருங்கி வருவது’. மன்னர் அரியணை ஏறுவதற்கும் ஆங்கிலத்தில் இதே சொல்தான். நெருங்கி வருகிறவர் வந்த பிறகும் தாமாகவே இருக்கிறார். மெர்ஜரின் மூலச்சொல்லுக்குப் பொருள் ‘மூழ்குவது’. நீரில் அமிழ்வதைச் சொல்லும் ‘சப்மெர்ஜ்’ அதே வேரில் கிளைத்தது. சட்டமும் அந்தப் பொருளை விடவில்லை. 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 111ஆம் பிரிவைச் சட்ட மாணவர்கள் படித்திருப்பீர்கள். நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தவரே அந்த நிலத்தை விலைக்கும் வாங்கிவிட்டால், குத்தகை முடிந்துபோகிறது. சிறிய உரிமை பெரிய உரிமைக்குள் மூழ்கிவிட்டது என்பதுதான் அதற்குச் சட்டம் சொல்லும் காரணம். அதன் பெயர் மெர்ஜர். மூழ்கிய பிறகு குத்தகைதாரர் என்று ஒருவர் இல்லை. ஆகவே குத்தகைதாரராக நின்று எதையும் கேட்க முடியாது. இந்த ஒரு கருத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போவதெல்லாம் இதன் விரிவுதான்.

1947க்கு வருவோம். பிரிட்டிஷ் இந்தியா என்பது இந்தியா முழுவதும் அல்ல. ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட சமஸ்தானங்கள் அதற்கு வெளியே இருந்தன. பிரிட்டிஷ் மகுடத்தின் மேலாதிக்கத்தை ஒப்புக்கொண்டு, உள்நாட்டு நிர்வாகத்தைத் தாங்களே நடத்திவந்தவை அவை. 1947ஆம் ஆண்டு இந்திய சுதந்திரச் சட்டத்தின் 7ஆம் பிரிவு அந்த மேலாதிக்கம் ஆகஸ்ட் 15 அன்று காலாவதியாகும் என்று சொன்னது. அது டெல்லிக்குக் கைமாறவில்லை, இல்லாமலே போயிற்று. சட்டத்தின் எழுத்துப்படி பார்த்தால் ஹைதராபாத்தும் புதுக்கோட்டையும், கத்தியவாரில் ஒரு சதுர மைலுக்கும் குறைவான பரப்பும் சில நூறு குடிமக்களும் கொண்ட சிற்றரசும்கூட, அன்று நள்ளிரவில் யாருக்கும் கட்டுப்படாதவை ஆகிவிடும். ரயில் அவற்றின் ஊடே ஓடியது. தந்திக் கம்பி அவற்றின் மேலே போயிற்று.

இந்த நெருக்கடிக்கு மருந்தாக வந்ததுதான் அக்செஷன். அது புதிய சொல் அல்ல. 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின் 6ஆம் பிரிவில், மன்னர்கள் அகில இந்தியக் கூட்டாட்சியில் சேரும் பத்திரத்துக்கு வைத்த பெயர். போதிய மன்னர்கள் முன்வராததால் அந்தக் கூட்டாட்சி பிறக்கவே இல்லை. 1939இல் போர் வந்ததும் திட்டம் மூட்டை கட்டப்பட்டது. பிறக்காமல் போன அந்தத் திட்டத்திலிருந்து அந்தப் பத்திரத்தை மட்டும் எடுத்துத் தூசி தட்டி 1947க்குப் பயன்படுத்தினார்கள். சமஸ்தானத் துறைக்கு சர்தார் படேல் அமைச்சர், வி.பி.மேனன் செயலாளர். ஜூலை 5ஆம் தேதி படேல் வெளியிட்ட அறிக்கை கேட்டது மூன்று பொருள்களை மட்டும்: பாதுகாப்பு, வெளியுறவு, போக்குவரத்துத் தொடர்பு. 1946இல் பிரிட்டிஷ் அமைச்சரவைத் தூதுக்குழு மத்திய அரசுக்கென்று ஒதுக்கிய மூன்றும் இவைதாம். ஜூலை 25ஆம் தேதி மன்னர்களின் பேரவையில் வைஸ்ராய் மவுண்ட்பேட்டன் பேசியபோதும் இதையே சொன்னார்: பணச் சுமை இல்லை, உள்நாட்டு ஆட்சியில் தலையீடு இல்லை.

அந்தப் பத்திரத்தைப் படித்துப் பார்ப்பது நல்ல அனுபவம். பெரும்பாலோர் அதைப் பற்றிப் பேசுகிறார்கள், படிப்பதில்லை. இரண்டு மூன்று பக்கம்தான். மூன்று பொருள்களில் சட்டம் இயற்றும் உரிமையை டொமினியன் எனப்பட்ட இந்திய அரசுக்குத் தருகிறேன் என்று மன்னர் எழுதித் தருகிறார். அதோடு நிற்கவில்லை. என் சம்மதமில்லாமல் இந்தப் பத்திரத்தின் நிபந்தனைகளை மாற்ற முடியாது என்று ஒரு கூறு சொல்கிறது. எதிர்காலத்தில் வரப்போகும் எந்த அரசியலமைப்பையும் ஏற்றே ஆக வேண்டும் என்று நான் கட்டுப்படவில்லை என்று ஏழாவது கூறு சொல்கிறது. இந்த நாட்டின் மீதான என் இறைமை தொடர்கிறது என்று எட்டாவது கூறு சொல்கிறது. வீட்டைத் தன் பெயரிலேயே வைத்துக்கொண்டு, வாசல்வழிக்கும் கிணற்றுக்கும் கொல்லைப்பாதைக்கும் மட்டும் அடுத்தவருக்குப் பாத்தியம் எழுதிக் கொடுப்பார்களே, அந்த வகைப் பத்திரம் இது. வீட்டின் கிரயப் பத்திரம் அல்ல.

இதற்குக்கூட எல்லோரும் எளிதில் உடன்படவில்லை. திருவிதாங்கூர் திவான் சர் சி.பி.ராமசாமி ஐயர் 1947 ஜூனிலேயே தனிநாடு அறிவிப்பைச் செய்துவிட்டார். ஜூலை 25ஆம் தேதி திருவனந்தபுரத்தில் அவர் வெட்டுப்பட்டார். அடுத்த சில நாள்களில் மகாராஜா இசைவு தெரிவித்தார். ஆகஸ்ட் 15க்குள் இந்தியப் பக்கத்தில் சேராமல் நின்ற முக்கியமான சமஸ்தானங்கள் ஹைதராபாத், காஷ்மீர், ஜூனாகத் ஆகிய மூன்றே.

ஜூனாகத் சிறிய சமஸ்தானம். ஆனால் நம் பொருளுக்கு மிகப் பெரியது. அதன் நவாப் பாகிஸ்தானோடு அக்செஷன் செய்தார். பத்திரத்தின் படி மன்னர் கையெழுத்தே போதும். மக்கள் யாரும் ஒப்பமிட வேண்டியதில்லை. அப்படியானால் நவாப் செய்தது செல்லும் என்று ஆகிவிடும். இந்தியா அதை ஏற்கவில்லை. மக்களில் மிகப் பெரும்பாலோர் இந்துக்கள். கடல் நீங்கலாக மற்றப் பக்கமெல்லாம் இந்தியாவால் சூழப்பட்டது. மக்கள் விருப்பத்துக்கு மாறான கையெழுத்து செல்லாது என்று டெல்லி வாதிட்டது. நவம்பரில் நிர்வாகத்தை எடுத்துக்கொண்டு, 1948 பிப்ரவரி 20ஆம் தேதி வாக்கெடுப்பு நடத்தியது. பதிவான ஏறத்தாழ ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரம் வாக்குகளில் பாகிஸ்தானுக்குக் கிடைத்தவை வெறும் 91. மன்னரின் கையெழுத்துக்கு மேலே மக்களின் சொல் நிற்கும் என்ற கொள்கையை இந்திய அரசு தானே தன் வாயால் சொன்ன இடம் இது. அந்தக் கொள்கை சரியானது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதை எல்லா இடத்திலும் கடைப்பிடித்தோமா என்பதுதான் என் கேள்வி.

இனி மெர்ஜருக்கு வருகிறேன். 1947 நவம்பரில் ஒரிசாவின் நீலகிரி என்ற சிறு சமஸ்தானத்தில் கலவரம் வெடித்தது. அரசனால் அடக்க முடியவில்லை. சமஸ்தானக் குடிமக்களின் அமைப்புகளான பிரஜா மண்டலங்கள் பல இடங்களில் பொறுப்பாட்சி கேட்டுப் போராடிக்கொண்டிருந்தன. ஒரு காவல் நிலையத்தையோ ஒரு மருத்துவமனையையோ ஒழுங்காக நடத்த வருவாய் இல்லாத சிற்றரசுகளைத் தனியாக விட்டுவைக்க முடியாது என்ற முடிவுக்குப் படேலும் மேனனும் வந்தார்கள். டிசம்பர் 14ஆம் தேதி கட்டாக்கில் ஒரிசா மன்னர்களைக் கூட்டி வேறொரு பத்திரத்தை நீட்டினார்கள். ஆட்சி செய்யும் முழு அதிகாரத்தையும், எதையும் மிச்சம் வைக்காமல், டொமினியன் அரசிடம் ஒப்படைப்பதாக அதில் எழுதியிருந்தது. பதிலுக்கு மன்னர்களுக்கு வரியில்லாத மானியம், சொந்தச் சொத்து, பட்டம், வாரிசுரிமை. மறுநாள் நாக்பூரில் சத்தீஸ்கர் மன்னர்கள். ஜனவரி 1 முதல் அந்த நாடுகள் ஒரிசாவும் மத்திய மாகாணமும் ஆகிவிட்டன.

ஆகஸ்டில் மூன்று பொருள்களுக்கு மேல் எதுவும் கேட்க மாட்டோம் என்று கொடுத்த வாக்கு டிசம்பரில் நிற்கவில்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை. மேனனே 1956இல் வெளியிட்ட தம் நூலில் இந்த மாற்றத்தின் காரணங்களை விரிவாக எழுதியிருக்கிறார். நான் அந்த முடிவைக் குறை சொல்லவில்லை. மன்னராட்சியின் கீழ் வாழ்ந்த குடிமக்களுக்கு அது விடுதலை. வரியும் வெட்டியும் ராஜாவின் மனம்போன போக்கும் அவர்களை எப்படி வாட்டின என்பதைப் படித்தவர்கள் அந்த அரசுகள் மறைந்ததற்காக வருந்த மாட்டார்கள்.

ஆனால் யாரோடு மூழ்குவது என்பதை யார் முடிவு செய்தது? கர்சாவான் என்ற ஊரின் பெயரை இங்கே எத்தனை பேர் கேட்டிருக்கிறீர்கள் என்று தெரியவில்லை. இன்று அது ஜார்க்கண்டில் இருக்கிறது. சராய்கேலா, கர்சாவான் என்ற இரண்டு சிறு சமஸ்தானங்கள்; அரச குடும்பங்கள் ஒரியா மரபினர், மக்களில் பெரும்பகுதி ஆதிவாசிகள். ஒரிசாவோடு சேர்க்கும் முடிவை ஆதிவாசிகள் ஏற்கவில்லை. 1948 ஜனவரி 1, மெர்ஜர் நடைமுறைக்கு வந்த அதே நாளில், கர்சாவான் சந்தைத் திடலில் பல்லாயிரம் பேர் திரண்டார்கள். ஒரிசாவின் ஆயுதப் போலீஸ் சுட்டது. இறந்தவர்கள் எத்தனை பேர் என்று அரசு சொன்ன எண்ணிக்கைக்கும் மக்கள் சொல்லும் எண்ணிக்கைக்கும் இடையே பெரும் பள்ளம் இன்றும் இருக்கிறது. சுதந்திரம் வந்து ஐந்து மாதம்கூட ஆகாத நாட்டில், தம் மண் எந்த மாகாணத்தில் சேர வேண்டும் என்று கேட்க வந்தவர்கள் அவர்கள். அதே ஆண்டு மே மாதம் இரண்டு சமஸ்தானங்களும் பிகாருக்கு மாற்றப்பட்டன. அவர்கள் கேட்டது நியாயம் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் ஒப்புக்கொள்ள முடியாது. ஜனவரி 1 அன்று புத்தாண்டு வாழ்த்துச் சொல்லும்போது கர்சாவானையும் ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள் என்று உங்களை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். நம் பாடநூல்களில் அந்த ஊருக்கு ஒரு வரியாவது இடம் தர வேண்டும்.

புதுக்கோட்டையில் அப்படி ரத்தம் சிந்தவில்லை. திருச்சி, தஞ்சாவூர், ராமநாதபுரம் என்று சுற்றிலும் பிரிட்டிஷ் மாவட்டங்கள். நடுவே தனக்கென்று நீதிமன்றம், சட்டசபை, நாணயம் என எல்லாம் வைத்திருந்த தமிழ் நாடு இது. அந்த நாணயத்தை உங்களில் மூத்தவர்கள் பார்த்திருப்பீர்கள். அம்மன் காசு. ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் ‘விஜய’. 1947 ஆகஸ்டில் செய்த அக்செஷனால் இவற்றில் எதுவும் போகவில்லை. தொண்டைமான் ஆட்சி, தொண்டைமான் சட்டம், தொண்டைமான் நீதிமன்றம் எல்லாம் அப்படியே இருந்தன. 1948 மார்ச் 3 அன்று எல்லாம் போயின. புதுக்கோட்டை திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் ஒரு கோட்டம் ஆனது. தலைநகராக இருந்த ஊர் 1974 ஜனவரி 14 வரை மாவட்டத் தலைநகராகக்கூட இல்லை. அரண்மனையில் இன்று ஆட்சியர் அலுவலகம் நடக்கிறது. சென்னை மாகாணத்தில் இதே வழியில் கலந்த மற்ற இரண்டு சமஸ்தானங்கள் பங்கனப்பள்ளியும் சண்டூரும்.

மன்னர்களுக்குத் தந்த விலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மானியத்துக்கு அரசியலமைப்பின் 291ஆவது உறுப்பிலும், பட்டம், தனியுரிமைகளுக்கு 362ஆவது உறுப்பிலும் உறுதிமொழி எழுதிவைத்தார்கள். அதே கையோடு 363ஆவது உறுப்பையும் எழுதினார்கள்: இந்தப் பத்திரங்களால் எழும் தகராறுகளை எந்த நீதிமன்றமும் விசாரிக்க முடியாது. 1970 செப்டம்பரில் மன்னர்களின் அங்கீகாரத்தைக் குடியரசுத் தலைவர் ஆணையால் ரத்து செய்தபோது உச்ச நீதிமன்றம் அந்த ஆணை செல்லாது என்றது. மறு ஆண்டே 26ஆவது திருத்தம் வந்து 291, 362 இரண்டையும் நீக்கிவிட்டது. மானியம் ஒழிந்தது. மானியம் ஒழிந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். உழைக்காமல் பரம்பரையாக வாங்கும் பணத்துக்குக் குடியரசில் இடமில்லை. ஆனால் நாம் பேசும் இரண்டு சொற்களின் வேறுபாடு இங்கே பளிச்சென்று தெரிகிறது. ஒப்பந்தத்தின் ஒரு தரப்பு மூழ்கிவிட்டால், மறு தரப்பு வாக்கை மாற்றும்போது எதிரே நின்று கேட்க ஆள் இல்லை. புதுக்கோட்டை சமஸ்தானம் என்ற தரப்பு 1948 மார்ச்சிலேயே முடிந்துவிட்டது. தொண்டைமான் என்ற தனிமனிதர் இருந்தார். ஒப்பந்தம் செய்த நாடு இல்லை.

இவ்வளவோடு கதை முடிந்திருந்தால் இரண்டு பெட்டிகள், இரண்டு சொற்கள் என்று பிரித்துவிட்டுப் போய்விடலாம். அப்படி முடியவில்லை. பெரிய சமஸ்தானங்களில் பல மெர்ஜர் பத்திரத்தில் ஒப்பமிடவே இல்லை. மைசூர் தனி மாநிலமாகவே தொடர்ந்தது. திருவிதாங்கூரும் கொச்சியும் 1949 ஜூலை 1ஆம் தேதி தமக்குள் ஒன்றாகி ஒரு மாநிலம் ஆயின. சௌராஷ்டிரம், ராஜஸ்தான், பாட்டியாலா ஒன்றியம் எல்லாம் அப்படியே, பல சமஸ்தானங்கள் கூடி உண்டான ஒன்றியங்கள். இவற்றிடம் அரசு செய்தது என்னவென்றால், அக்செஷனையே அகலப்படுத்தியது. 1948 மே மாதத்துக்குப் பிறகு ஒன்றியங்கள் புதிய அக்செஷன் பத்திரங்களில் ஒப்பமிட்டு, வரி விதிப்பு நீங்கலாக மத்தியப் பட்டியல், பொதுப் பட்டியல் முழுவதையும் ஒப்படைத்தன. மைசூரும் பின்னர் அதையே செய்தது. 1949 நவம்பரில் இந்திய அரசியலமைப்பே எங்கள் அரசியலமைப்பு என்று அவை பிரகடனம் செய்தன. ஹைதராபாத்தின் கதை இன்னும் விசித்திரம். 1948 செப்டம்பரில் ராணுவ நடவடிக்கை. அக்செஷன் பத்திரமே இல்லை, மெர்ஜர் பத்திரமும் இல்லை. 1949 நவம்பரில் நிஜாம் ஃபர்மான் என்னும் அரசாணை ஒன்றைப் பிறப்பித்து அரசியலமைப்பை ஏற்றார், அவ்வளவுதான்.

ஆகவே, மெர்ஜர் ஆகவில்லை என்பதனால் மட்டுமே ஒரு மாநிலம் இந்தியாவில் அரைகுறையாகச் சேர்ந்தது என்று ஆகிவிடாது. அப்படி என்றால் மைசூரும் அரைகுறைதான். இதைக் காஷ்மீரை மனத்தில் வைத்துச் சொல்கிறேன்.

2010 அக்டோபரில் ஜம்மு காஷ்மீர் சட்டசபையில் அன்றைய முதல்வர் உமர் அப்துல்லா, எங்கள் மாநிலம் இந்தியாவோடு அக்செஷன் செய்தது, மெர்ஜ் ஆகவில்லை என்ற பொருளில் பேசினார். அவையில் பெரும் கூச்சல். நாடு முழுவதும் விவாதம். தமிழ்ச் செய்திகளைப் படித்தவர்களுக்கு அந்தச் சண்டை விளங்கியிருக்க வாய்ப்பே இல்லை. ‘இணைந்தோம், ஆனால் இணையவில்லை’ என்று ஒரு முதல்வர் சொன்னதாகப் படித்தால் என்ன புரியும்?

அவர் சொன்னது வரலாற்று உண்மை. காஷ்மீர் மகாராஜா ஹரி சிங் 1947 அக்டோபர் 26 அன்று ஒப்பமிட்டதும் மறுநாள் மவுண்ட்பேட்டன் ஏற்றதும் அக்செஷன் பத்திரம்தான். அந்தப் பத்திரத்தின் வாசகம் காஷ்மீருக்கென்று தனியாக எழுதப்பட்டதும் அல்ல. மற்ற பெரிய சமஸ்தானங்கள் ஒப்பமிட்ட அதே வாசகம். ஏழாவது கூறும் எட்டாவது கூறும் மைசூர் பத்திரத்திலும் இருந்தன. வேறுபாடு பின்னால் வந்தது. மற்றவை 1948, 49இல் தம் பத்திரத்தை அகலப்படுத்திக்கொண்டன. காஷ்மீர் மூன்று பொருள்களோடு நின்றது. பாதி நிலத்தில் போர், ஐ.நா.வில் வழக்கு, மக்கள் கருத்தைக் கேட்போம் என்று மவுண்ட்பேட்டனே கடிதத்தில் எழுதிய உறுதி என்று எல்லாம் அங்கே சேர்ந்திருந்தன.

அந்த நிலைமைக்கு அரசியலமைப்பில் இடம் செய்து தந்தவர் ஒரு தமிழர். தஞ்சை மாவட்டத்தில் பிறந்து, சென்னை மாகாண ஆட்சிப் பணியில் வளர்ந்து, 1937 முதல் 1943 வரை காஷ்மீரின் பிரதமராக இருந்த என்.கோபாலசாமி ஐயங்கார். 1949 அக்டோபர் 17 அன்று அரசியலமைப்பு அவையில் பின்னால் 370ஆக மாறிய உறுப்பை முன்மொழிந்தவர் அவரே. ஏன் இந்த வேறுபாடு என்று மௌலானா ஹஸ்ரத் மொஹானி எழுந்து கேட்டார். ஐயங்கார் நீண்ட விளக்கம் தந்தார். அந்த உறுப்பின் வரைவில் இரண்டு சொற்களை அருகருகே வைத்திருப்பதைக் கவனியுங்கள். அக்செஷன் பத்திரத்தில் ஏற்கெனவே உள்ள பொருள்களுக்கு மாநில அரசிடம் ‘கலந்தாலோசனை’ போதும். அதற்கு அப்பாற்பட்ட பொருள்களுக்கு மாநில அரசின் ‘இசைவு’ வேண்டும். ஏற்கெனவே கொடுத்ததற்குப் பேச்சு. இனிக் கேட்பதற்குச் சம்மதம். அக்செஷன் என்ற சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்பதை இதைவிட நேர்த்தியாகச் சட்டமொழியில் எழுத முடியாது என்று நினைக்கிறேன். எதிரே ஒரு தரப்பு இன்னும் இருக்கிறது, அதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும் என்பதன் எழுத்து வடிவம் அது.

அந்த உறுப்பை நீக்க வேண்டுமானால் மாநிலத்தின் அரசியலமைப்பு அவை பரிந்துரைக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தது. 1951இல் கூடிய அந்த அவை, மாநிலம் இந்திய ஒன்றியத்தின் பிரிக்க முடியாத பகுதி என்று தன் அரசியலமைப்பின் மூன்றாம் பிரிவில் எழுதிவிட்டு, 1957 ஜனவரியில் கலைந்தது. 370ஐ நீக்கு என்றோ வைத்துக்கொள் என்றோ சொல்லாமலே கலைந்தது. இசைவு தர வேண்டிய தரப்பு இல்லாமல் போன பிறகு யார் இசைவு தருவது? 2019 ஆகஸ்டில் அந்த உறுப்பைச் செயலிழக்கச் செய்தபோது எழுந்த கேள்வியின் கரு இதுதான். 2023 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். அதன் சாரம் இது: அந்த அவை கலைந்ததால் குடியரசுத் தலைவரின் அதிகாரம் தீர்ந்துவிடவில்லை. 1949 நவம்பர் 25 அன்று ஹரி சிங்கின் மகன் கரண் சிங் வெளியிட்ட பிரகடனத்தோடு மாநிலத்தின் இறைமை முற்றிலும் இந்தியாவிடம் வந்துவிட்டது. மெர்ஜர் பத்திரம் இல்லை என்பதனால் இறைமை எதுவும் மிஞ்சிவிடாது.

சட்டத்தைப் பொறுத்தவரை தீர்ப்பு முடிந்த தீர்ப்பு. மெர்ஜர் இல்லாததனால் இறைமை மிஞ்சாது என்பது மைசூரின் வரலாற்றோடு பொருந்துகிறது, அதை ஏற்கிறேன். ஆனால் இறைமை வேறு, இசைவு கேட்கப்படும் உரிமை வேறு. 370ஆவது உறுப்பு காத்தது இரண்டாவதை. இறைமை இல்லாத தரப்பிடமும் சம்மதம் கேட்டாக வேண்டிய ஏற்பாடுகள் நம் அரசியலமைப்பில் பல உண்டு. காஷ்மீரத்து மக்களின் பிரதிநிதிகள் சட்டசபையில் இல்லாத ஒரு நேரத்தில், ஆளுநரின் சொல்லையே மாநிலத்தின் சொல்லாக எடுத்துக்கொண்டது என் மனத்துக்கு ஒப்பவில்லை. ஜூனாகத்தில் நாம் சொன்ன கொள்கைக்கு அது பொருந்தவில்லை.

சொல் மட்டும் எல்லாவற்றையும் முடிவு செய்துவிடும் என்று நான் சொல்லவில்லை. 1990இல் கிழக்கு ஜெர்மனி மேற்கு ஜெர்மனியின் அடிப்படைச் சட்டத்தின் 23ஆவது உறுப்புப்படி சேர்ந்தது. அதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் அக்செஷன்தான். ஆனால் அக்டோபர் 3ஆம் தேதி கிழக்கு ஜெர்மனி என்ற நாடே மறைந்துவிட்டது. ஐரோப்பியக் கூட்டமைப்பில் 1973இல் பிரிட்டன் சேர்ந்ததும் அக்செஷன். அது 2020 ஜனவரி 31 அன்று வெளியேறியும் விட்டது. பெயர்ப்பலகையைப் பார்த்தால் போதாது, பத்திரத்துக்குள் யார் மிஞ்சுகிறார் என்று பார்க்க வேண்டும். அதற்கு முதலில் பெயர்ப்பலகைகள் இரண்டாக இருக்க வேண்டும். எழுதுகிறவர்களிடமும் பாடநூல் தயாரிப்பவர்களிடமும் இதைத்தான் கேட்கிறேன்: அக்செஷனுக்கு ‘இணைவு’ என்று வைத்துக்கொள்ளுங்கள். மெர்ஜருக்கு ‘ஒன்றுகலப்பு’ என்று எழுதுங்கள். இதைவிட நல்ல சொற்கள் உங்களுக்குத் தோன்றினால் அவற்றை எழுதுங்கள். இரண்டுக்கும் ஒரே சொல்லை மட்டும் எழுதாதீர்கள்.

இறுதியாக, நம் மொழி பேசும் இன்னொரு மண். 1987 ஜூலை 29 அன்று கையெழுத்தான இந்திய இலங்கை உடன்படிக்கை, வடக்கு மாகாணமும் கிழக்கு மாகாணமும் தற்காலிகமாக ஒரே நிர்வாக அலகாக இருக்கும் என்றது. 1988 செப்டம்பரில் இலங்கைக் குடியரசுத் தலைவர் ஜெயவர்த்தனா பிரகடனங்கள் செய்து அதை நிறைவேற்றினார். ஆங்கிலத்தில் அதை மெர்ஜர் என்றே எழுதினார்கள். நாம் வழக்கம்போல் இணைப்பு என்றோம். ஆனால் அது ஒன்றுகலப்பாக எழுதப்படவில்லை. இரண்டு மாகாணங்களின் எல்லைகளும் அப்படியே நின்றன, பெயர்களும் நின்றன. சேர்ந்தே இருக்க விருப்பமா என்று கிழக்கு மாகாண மக்களிடம் 1988 முடிவதற்குள் வாக்கெடுப்பு நடத்துவதாகவும், அதைத் தள்ளிவைக்கக் குடியரசுத் தலைவருக்கு அதிகாரம் உண்டு என்றும் உடன்படிக்கை சொன்னது. அந்த அதிகாரம் ஆண்டுக்கு ஆண்டு பயன்பட்டது. வாக்கெடுப்பு நடக்கவில்லை. 2006 அக்டோபர் 16 அன்று இலங்கை உச்ச நீதிமன்றம், ஆயுத ஒப்படைப்பு பற்றிய நிபந்தனை நிறைவேறாமல் செய்த பிரகடனம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. 2007 ஜனவரி 1 முதல் இரண்டும் மீண்டும் தனித்தனி மாகாணங்கள். பதினெட்டு ஆண்டுகள் சேர்ந்திருந்ததற்கும் கிழக்கின் தமிழர்களையும் முஸ்லிம்களையும் சிங்களவர்களையும் யாரும் கேட்கவில்லை, பிரித்தபோதும் கேட்கவில்லை.